காரிமங்கலம் பக்கம் சாலையோரக் கேமரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: தங்கையைக் காணவில்லை

பெங்களூரிலிருந்து சேலத்துக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்த என் தங்கை (24) செவ்வாய் இரவு முதல் காணவில்லை. வெள்ளை ஸ்விஃப்ட், கர்நாடகப் பதிவெண், பின் பம்பரின் இடது மூலை நசுங்கியிருக்கும்.

இரவு 9.42க்குக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் பிடித்திருக்கிறது. 10.20க்குக் காரிமங்கலம் டவரில் கைபேசி கடைசியாகப் பதிவாகி, பிறகு அணைந்துவிட்டது. சேலம் வழியில் தர்மபுரியை அடுத்து வரும் பாளையம் சுங்கச்சாவடியை வண்டி தாண்டவே இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. அழைப்பு விவரம், வங்கிக் கணக்கு, அரசு மருத்துவமனைகள் எல்லாம் பார்த்தாயிற்று. சர்வீஸ் ரோட்டை ஒட்டிய, சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளிலும் தேடுகிறார்கள். கார் மூழ்கிவிட்டால் மேலே எதுவும் தெரியாது.

டவர் காட்டுவது ஓர் இடத்தை அல்ல, சில கிலோமீட்டர் பரப்பை. அதனால் பாலக்கோடு, கம்பைநல்லூர் பிரிவுச் சாலைகளையும் விட முடியாது. அங்கே கடை, பங்க், வீட்டுக் கேமராக்கள்தான் கதி. கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி நிறைந்தால் பழைய பதிவை அழித்து அதன்மேலேயே எழுதும், ஆகவே இன்றே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கேமரா கடிகாரம் முன்பின் ஓடும். நேரத்தை மட்டும் நம்பாமல் பம்பரைப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் முதல் தர்மபுரி வரை, சாலையைப் பார்த்த கேமராவில் அன்றிரவு 9.45 முதல் 11.30 வரையான பதிவு யாரிடம் இருக்கிறது?