இசட் அச்சை மாற்றியதிலிருந்து வெட்டு ஆழம் தவறுகிறது

என்னிடம் இருப்பது நான்கு ஆண்டுப் பழைய பெல்ட் வகை சிஎன்சி ரவுட்டர் (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்), ஜிஆர்பிஎல் 1.1 என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் அதன் தயாரிப்பாளரிடமே புதிய இசட் அச்சு (கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி) வாங்கிப் பொருத்தினேன். அன்றிலிருந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டும் வேலைகளில் ஆழம் மெல்ல மெல்லக் கூடி, முடிவில் அரை மில்லிமீட்டர் தவறிவிடுகிறது. சிறிய வேலைகளில் பிழையே இல்லை.

புதிய அச்சை நகர்த்தும் திருகின் லீட், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், 4 மில்லிமீட்டர். மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பும் 8 மைக்ரோஸ்டெப் என்ற கணக்கில் $102-ஐ (இசட் அச்சு ஒரு மில்லிமீட்டர் நகரத் தேவையான எண்ணிக்கையைச் சொல்லும் அமைப்பு) 400 ஆக்கினேன். $122-இல் அதே அச்சின் முடுக்கத்தைப் பாதியாகக் குறைத்தேன். மோட்டாரை அச்சோடு இணைக்கும் கப்ளரின் திருகுகளை இறுக்கினேன். மோட்டாரை இயக்கும் டிரைவரின் மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டினேன். கட்டரைப் பிடிக்கும் கோலட்டில் அது நழுவுகிறதா என்று கோடிட்டுப் பார்த்தேன், நழுவவில்லை.

தயாரிப்பாளரோ, அந்த அச்சைப் புதிய மாடலில் மட்டுமே சோதித்ததாகச் சொல்கிறார். மனதை வாட்டுவது இதுதான். லாங்மில் போன்ற இயந்திரங்களின் வடிவமைப்புக் கோப்புகள் திறந்தே கிடைக்கின்றன. பயனர்களே திருத்திக்கொள்ள முடிகிறது. என்னுடையதில் அந்த வழி இல்லை.

புதிய இயந்திரம் வாங்கும் முன் கேட்கிறேன்: பழைய மாடலிலும் சோதித்துப் பார்த்த பிறகே மேம்பாடுகளை வெளியிடும் தயாரிப்பாளர் என்று உங்கள் அனுபவத்தில் யாரைச் சொல்வீர்கள்?