முள்ளு கத்திரிக்கா அக்கா சென்னைக்குப் போன கதை

"பெரிய ஊர் மாநாட்டுக்கெல்லாம் போனா நம்ம மாதிரி மாவட்டத்து ஆளுங்களுக்கு இன்னா கிடைக்கும்?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். சோஷியல் மீடியாவையே தொழிலாகச் செய்கிறவர்களுக்காகச் சென்னையில் நடந்த மாநாட்டுக்கு நான் போய்விட்டு வந்தவள். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காட்பாடிக்காரி. பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் வேலூரைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோ போடுகிறேன். எந்த பஸ் எங்கே நிற்கும், சத்துவாச்சாரியில் இட்லி எங்கே நன்றாக இருக்கும், கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை எப்போது போனால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம், இந்த ரகம்தான். ஆரம்பத்தில் பார்த்ததெல்லாம் என் சொந்தக்காரர்கள், அதுவும் நான் போன் பண்ணிச் சொன்ன பிறகு.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததும் அது மாறியது. நம்ம ஊரைப் பற்றிய பழைய கிண்டல் எல்லோருக்கும் தெரியும்: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறு அந்த நவம்பரில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஊரில் பாதி பேர் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிழைப்புக்காக பெங்களூருக்கும் துபாய்க்கும் போன நம்ம ஆட்கள் என் வீடியோவில் பார்த்தார்கள். அப்புறம் 2023-ல் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அணைக்கட்டுப் பக்கம் போனேன். காம்பு முள் கையில் குத்த, நானே பறித்து, அங்கே ஒரு பாட்டி வீட்டு அடுப்பில் குழம்பு வைத்ததை எடுத்துப் போட்டேன். என் சொந்தப் பெயர் அன்றோடு போச்சு. இப்போது நான் முள்ளு கத்திரிக்கா அக்கா.

சரி, மாநாட்டுக்கு வருகிறேன். ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனேன். சீசன் டிக்கெட் கூட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அந்த வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது பல வருஷமாக முடிவான விஷயம். புதிதாக ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். நானும் நின்றேன். அரக்கோணம் வருவதற்குள் ஒரு அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீ அந்த கத்திரிக்கா பொண்ணுதானே?" என்றார். பக்கத்தில் இருந்தவர்களை "ஏம்மா, கொஞ்சம் நவுந்து உக்காருங்க, நம்ம ஊர் பொண்ணு" என்று தள்ளி இடம் வாங்கிக் கொடுத்தார். அன்று நாள் முழுக்க எனக்குக் கிடைத்த மரியாதையில் அதுதான் பெரியது என்று அப்போது தெரியாது.

மண்டபத்தில் என்னை யாருக்கும் தெரியவில்லை. பேட்ஜில் பெயருக்குக் கீழே பாலோயர் எண்ணிக்கை எழுத ஒரு கட்டம். பத்தாயிரத்துக்குள் இருந்தால் நானோ, லட்சத்துக்குள் இருந்தால் மைக்ரோ. எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பார்ப்பது மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மதியத்துக்குள் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதம் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் சொன்னதற்கு நேர் எதிராக அடுத்தவர் சொன்னார், இரண்டு பேருக்கும் கைதட்டல். அதை விடுங்கள். உபயோகமான தகவல் காபி இடைவேளையில்தான் கிடைத்தது. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், கைத்தறி லுங்கி நெய்வதை வீடியோ எடுப்பவன். யூடியூபில் ஆயிரம் சந்தாதாரர், வருஷத்தில் ஜனங்கள் பார்த்த நேரம் 4,000 மணி வந்தால்தான் காசு என்று நினைத்துக் காத்திருந்தான். 2023-லேயே கீழே ஒரு படி வைத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். 500 சந்தாதாரர், 90 நாளில் மூன்று வீடியோ, வருஷத்தில் 3,000 மணி நேரம் இருந்தால் போதும். விளம்பரப் பணம் வராது, ஆனால் பார்க்கிறவர்கள் நேரடியாகக் கொடுக்கிற மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் எல்லாம் திறக்கும். தம்பி உடனே போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். உங்களில் யாருக்காவது இது தெரியாமல் இருந்தால் இன்றே பாருங்கள்.

மாநாட்டு டிக்கெட் காசு எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது சட்டம் பற்றிய அமர்வில்தான். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்பதால் பாதி நாற்காலி காலி. காசு வாங்கியோ பொருள் வாங்கியோ ஒன்றைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். கீழே இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. அப்புறம் வருமான வரி. 2022 ஜூலை முதல், ஒரு கம்பெனி கொடுக்கிற இலவசங்களின் மதிப்பு வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும். விமர்சனத்துக்கு வந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, நீங்களே வைத்துக்கொண்டால் உண்டு. இதைக் கேட்டதும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தன் கையில் இருந்த புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எனக்கு நேராகப் பட்டது கடைசிப் பகுதி. 2023 ஆகஸ்டில் உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வந்திருக்கிறது. வேலூரில் வீடியோ போடுகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழியில் போர்டு வைத்த லாட்ஜ் எத்தனை! என் வீடியோக்களின் கீழே பாதிக் கேள்வி கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறது. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன். எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

அந்த அமர்வு முடிந்து வெளியே வந்ததுமே ஒருவர் பிடித்துக்கொண்டார். மார்க்கெட்டிங் ஆள், நல்ல சட்டை. "உங்க ஆடியன்ஸ் முழுக்க பேஷண்ட்ஸ் மேடம், தங்கம்!" என்றார். ஒரு பரிசோதனை நிலையத்தை நான் போய்ப் பார்த்த மாதிரி, இங்கேதான் நம்பிக்கையாகப் பண்ணலாம் என்று சொல்லும் மாதிரி ஒரு வீடியோ வேண்டுமாம். விளம்பரம் என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். போட்டால் இயல்பாக இருக்காதே என்றார். பத்து நிமிஷம் முன்னால் உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். தொகை நான் கணக்கு எழுதி வாங்குகிற மாதச் சம்பளத்தை விட அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். கேன்சர் என்று கேள்விப்பட்டு நிலத்தை அடகு வைத்துவிட்டு ரயிலேறி வருகிற குடும்பத்திடம் காசுக்காக நம்பிக்கை வார்த்தை சொல்ல என் நாக்கு வராது. வேண்டாம் என்றேன். இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது, தபால்தலை அளவு போட்டோவோடு. எங்கள் அப்பா அதை லேமினேட் பண்ணிவிட்டார். வழக்கமாகப் போகிற டவுன் பஸ் கண்டக்டர், "இன்னாக்கா, பேப்பர்ல எல்லாம் கீற, டிக்கெட் எடுக்கணுமா உனுக்கு?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். லாங் பஜாரில் காய்கறிக்காரம்மா முள்ளு கத்திரிக்காயைக் கூடுதலாக ரெண்டு போட்டார். எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருக்கிறது, கூச்சமில்லாமல் சொல்கிறேன். பெரிய ஸ்டார்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு நடக்கிறார்களாம். நான் எதிரில் வருகிறவர் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கவுன்சிலரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஜனங்கள் என்னிடம் சொல்கிறார்கள். தண்ணி வரவில்லை, நாய்த் தொல்லை, ரேஷன் கடையில் பருப்பு இல்லை. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து வந்து, தெரு விளக்கு எரியாமல் கிடப்பதை வீடியோ போடச் சொன்னார்கள். போட்டேன். மாநாட்டில் சொல்லிக் கொடுத்தபடி முதல் மூன்று நொடியிலேயே விஷயத்துக்கு வந்தேன். நன்றாகப் போனது, முள்ளு கத்திரிக்காய்க்கு அடுத்து அதுதான். விளக்கு இன்னும் எரியவில்லை.