துப்பாக்கிச் சுடரை மலிவான கேமரா சென்சாரால் கண்டறிய முடியுமா?

சாட்ஸ்வர்த்_காவல்:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருக்காவல் குழுவினர் இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் திணறுகிறோம். மேடும் பள்ளமுமான இடமாதலால் எதிரொலி நாலாபுறமும் கேட்கிறது. ராஸ்பெர்ரி பை கணினியுடன் ஐஎம்எக்ஸ்219 சென்சார் உள்ள கேமராவைக் கூரையில் பொருத்தி, குழல் முனையில் தோன்றும் சுடரைக் கொண்டு திசையை அறியலாமா? தீபாவளி வெடியை அது பிரித்தறியுமா?

மாரிட்ஸ்பர்க்_மின்னணு:
திசையை அறியலாம் ஐயா, ஆனால் எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் ஒளியைச் சேர்க்கும் நேரத்தை, சரியாக அமைக்காவிட்டால் பெரும்பாலான சுடர்கள் தப்பிவிடும். சுடர் நீடிப்பது சில மில்லிவிநாடிகளே. விநாடிக்கு 30 பிரேம் (படம்) எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கு 33 மில்லிவிநாடி. எக்ஸ்போஷரை 2 மில்லிவிநாடியாக வைத்தால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளி வரிசையும் மீதி 31 மில்லிவிநாடி எதையும் காணாது. அப்போது 2 மில்லிவிநாடிச் சுடர் ஓரளவேனும் பதியும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுதான். எக்ஸ்போஷரை 33 வரை நீட்டினால் சுடர் தப்பாது. ஆனால் தெருவிளக்கின் வெளிச்சம் அத்தனை நேரமும் சேர்ந்துகொண்டே போவதால், தொலைவிலுள்ள சிறு சுடர் அதில் அமுங்கிவிடும். ஆகவே 640×480 அளவில் விநாடிக்கு 90 பிரேம் எடுத்து, எக்ஸ்போஷரை ஒரு பிரேமின் முழு நேரமான ஏறத்தாழ 11 மில்லிவிநாடிக்கு வையுங்கள்.

இந்த சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கும் ரோலிங் ஷட்டர் வகையைச் சேர்ந்தது. அருகில் சுட்டால் சுவரெல்லாம் ஒளிர்ந்து, படத்தில் குறுக்கே ஒரு வெளிச்சப் பட்டை விழும். பலர் இதைக் குறையென்பார்கள். எனக்கு அது ஒரு வரம், ஏனெனில் பட்டை எந்த வரிசையில் தொடங்குகிறது என்பதிலிருந்து சுடரின் நேரத்தைப் பிரேமைவிட நுட்பமாகக் கணிக்கலாம். ஒரு மைக்கையும் சேருங்கள். ஒலி 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர் செல்லும். ஒளிக்குப் பின் ஒரு விநாடி கழித்துச் சத்தம் வந்தால் தொலைவு ஏறத்தாழ 343 மீட்டர்.

லெனேசியா_வாசி:
வெடிமருந்தில் சுடரைத் தணிப்பதற்காகச் சேர்க்கும் பொட்டாசியம் உப்புகள் 766.5, 769.9 நானோமீட்டரில் ஒளிர்கின்றன. அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியில்லாத நோஐஆர் கேமராவில் அந்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தினால், வாகனங்களின் எல்இடி முகப்பு விளக்குகளின் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் பட்டாசிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் தீபாவளிக்கு இது உதவாது. புஸ்வாணமும் வாணமும் விநாடிக்கணக்கில் எரிவதால் அவற்றைத் தள்ளிவிடலாம். ஒற்றை வெடியைப் பிரிப்பது கடினம். அந்த இரவுகளில் கருவியை நம்பி எச்சரிக்கை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. சைலன்சர் மாட்டியிருந்தாலோ, இடையில் சுவர் இருந்தாலோ சுடர் தெரியாமல் போகலாம்.

சாட்ஸ்வர்த்_காவல்:
இருவருக்கும் நன்றி. கேமரா அண்டை வீட்டுச் சன்னல்களையும் காட்டும் என்பது எங்களுக்குக் கவலையாக இருந்தது.

மாரிட்ஸ்பர்க்_மின்னணு:
படத்தைச் சேமிக்கவே வேண்டாம். சுடர் விழுந்த திசையையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு படத்தை அங்கேயே அழித்துவிடலாம்; தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் அதுவே உகந்தது. எச்சரிக்கை வந்தால் யாரும் அந்த இடத்துக்குப் போகாமல், திசையையும் தொலைவையும் 10111 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.