அமர்வை நடத்துபவருக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

உயிரிமருத்துவ ஆய்வரங்கு ஒன்றின் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் அமர்வின் கீழும் இரண்டு வகையாக ஆய்வாளர்களின் பெயர்கள் வருகின்றன. கன்வீனர் என்பவர் மாதக்கணக்கில் முன்பே அமர்வைத் திட்டமிட்டுப் பேச்சாளர்களை அழைத்தவர். செஷன் சேர் என்பவர் அன்றைக்கு அரங்கில் இருந்து அதை நடத்துபவர். சில அமர்வுகளில் இருவரும் ஒருவரே, பலவற்றில் வேறு வேறு ஆட்கள். சிம்போசியத்துக்கு 'ஆய்வரங்கு' என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை, அதைக் கிளற வேண்டாம். இந்த இருவருக்கு மட்டும் சொல் தேவை.

---

> இந்த இருவருக்கு மட்டும் சொல் தேவை.

'அமர்வுத் தலைவர்' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறதே. கன்வீனருக்கு 'ஒருங்கிணைப்பாளர்'. எளிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

---

> எளிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, எளிமைதான், ஆனால் வேலைக்குப் பொருந்தவில்லை. தலைவர் என்றால் மேடை நடுவில் உட்கார்ந்து தலைமையுரை ஆற்றுபவர் என்றே நமக்குப் பழகிவிட்டது. ஆய்வரங்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. அந்த நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நல்லது.

அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். ஓர் உரைக்கு 15 நிமிடம் என்றால் பெரும்பாலும் 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. பேசுபவர் நோபல் பரிசு பெற்றவரே ஆனாலும் அந்த 3 நிமிடத்தைத் தின்ன விடக்கூடாது. ஒருவர் வராமல் போனால் அடுத்தவரை முன்னுக்கு இழுப்பதும் சரியல்ல. பக்கத்து அரங்கிலிருந்து அந்த ஓர் உரைக்காகவே நேரம் பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த இடைவெளியை முந்தைய உரைகள் மீதான விவாதமாக மாற்றத் தெரிய வேண்டும். அரங்கு மௌனமாக இருந்தால் கேட்பதற்கு ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுண்டெலியில் கிடைத்த முடிவைப் பேச்சாளர் நோயாளிவரை நீட்டினால், மருந்தளவு என்ன, ஒப்பீட்டுக் குழு எது என்று கேட்டுப் பிடிக்க வேண்டும். கேள்வி என்று தொடங்கித் தம் சொந்த ஆய்வை விளக்கப் புறப்படுபவரை (எல்லா அமர்விலும் ஒருவர் இருப்பார்) மரியாதையாக உட்கார வைக்கவும் வேண்டும்.

முதல் கேள்வியை யாருக்குக் கொடுப்பது என்பதுகூடச் சின்ன விஷயம் இல்லை. 10 நாடுகளில் ஏறத்தாழ 250 துறைசார் கருத்தரங்குகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் அதன்பின் பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைவாக இருந்தது. கையை உயர்த்திய இருவரில் யாரைக் கை காட்டுகிறார் என்பதிலேயே மீதி நேரத்தின் போக்கு ஓரளவு முடிவாகிவிடுகிறது.

1931இல் தொடங்கிய கோர்டன் ஆய்வு மாநாடுகளில் இவரை 'டிஸ்கஷன் லீடர்' என்றே அழைக்கிறார்கள். வெளிவராத தரவுகளை நம்பிக்கையோடு பகிரும் இடம் என்பதால் அங்கே விவாதமே பிரதானம். அந்த வரிசையில் 1973இல் நடந்த நியூக்ளிக் அமில மாநாட்டுக்கு மேக்சின் சிங்கரும் டீட்டர் சோலும் இணைந்து பொறுப்பேற்றிருந்தார்கள். வெவ்வேறு உயிரிகளின் டி.என்.ஏ.வை ஒட்டுவதில் ஆபத்து இருக்குமோ என்ற கவலை அங்கே எழுந்தபோது, நேரமில்லை என்று அவர்கள் ஒதுக்கவில்லை. பங்கேற்றவர்களிடம் வாக்கெடுத்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார்கள், அது 'சயன்ஸ்' இதழிலும் வெளிவந்தது. இத்தகைய டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பாதுகாப்பு நெறிகளை வகுத்த 1975 அசிலோமர் கூட்டத்துக்கான பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இது முழு மாநாட்டுக்கான பொறுப்பு, ஓர் அமர்வுக்கு உரியதல்ல என்பது சரி. ஆனாலும் நடத்துபவரின் வேலை என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கன்வீனரின் அதிகாரம் வேறு வகை, அது அழைப்பிதழிலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் கூட்டங்களில் 2011 முதல் 2013 வரை நடந்த 460 ஆய்வரங்குகளை அலசிய கட்டுரை 2014இல் வந்தது. கன்வீனர்களில் ஒரு பெண்ணாவது இருந்த அமர்வுகளில், அழைக்கப்பட்ட பேச்சாளர்களிடையே பெண்களின் விகிதம் ஆண்கள் மட்டுமே கூட்டிய அமர்வுகளைவிட 72% அதிகம். இரண்டு பொறுப்புகளையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால், யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் மூடிப்போகும்.

இனி சொற்கள். 'நடத்துநர்' என்றால் பேருந்தில் டிக்கெட் கொடுப்பவர்தான் வருகிறார். 'நடுவர்' பட்டிமன்றத்துக்குப் போய்விட்டது, தீர்ப்புச் சொல்வது இவர் வேலையும் அல்ல. 'நெறியாளர்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வு வழிகாட்டிக்கும் அதுதான் பெயர். ஆய்வரங்கில் மாணவர் பேச, அவருடைய நெறியாளர் கீழே உட்கார்ந்திருக்க, மேடையில் இன்னொரு நெறியாளரா?

என் பரிந்துரை: திட்டமிடுபவர் 'அமர்வு அமைப்பாளர்', நடத்துபவர் 'அமர்வு நெறிஞர்'. பொறி, பொறிஞர் போல நெறி, நெறிஞர். வினையாக 'அமர்வை நெறிப்படுத்தினார்' என்று இப்போதே எழுதுகிறோம், அதனால் பெயரும் இயல்பாக ஒட்டும். 'ஒருங்கிணைப்பாளர்' வேண்டாம் என்பதற்குக் காரணம், சாப்பாட்டுக்கும் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், ஒலிபெருக்கிக்கும் இருப்பார்.

---

> மேடையில் இன்னொரு நெறியாளரா?

இலங்கையில் நாங்கள் 'தவிசாளர்' என்று புழங்குகிறோம், பிரதேச சபை முதற்கொண்டு. 'அமர்வுத் தவிசாளர்' என்றால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அத்தோடு, தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'அமர்வு' என்றால் நீதிபதிகள் அல்லவா இருக்கினம்? 'இரு நீதிபதிகள் அமர்வு' என்று வாசித்துப் பழகியவருக்கு 'அமர்வு' என்ற சொல்லே முதலில் தடுக்கும்.

---

> 'அமர்வுத் தவிசாளர்' என்றால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

அழகான சொல், அண்ணா. ஆனால் தவிசு என்பதே இருக்கைதானே? உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறது, நடத்துவதைச் சொல்லவில்லை. 'தலைவர்' மீது எனக்கிருந்த குறை இதிலும் தொடர்கிறது. நீதிமன்ற அமர்வு பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் 'புற்றுநோய் எதிர்ப்பாற்றல்: இரண்டாம் அமர்வு' என்று தலைப்பில் பார்ப்பவர் நீதிபதியைத் தேடமாட்டார்.

---

நெறிஞர் என்று வாசித்ததும் காலில் நெருஞ்சி குத்தியது போல இருந்தது! எழுத்தில் சரி, ஒலிபெருக்கியில் "அடுத்து, அமர்வு நெறிஞர் அவர்கள்" என்று அறிவித்துப் பாருங்கள். என் வாக்கு 'நெறியாளர்' பக்கம்தான். முன்னால் 'அமர்வு' நிற்கிறதே, ஆய்வு வழிகாட்டியோடு யார் குழப்பிக்கொள்ளப்போகிறார்கள்?

---

எல்லோருக்கும் நன்றி. 'அமர்வு அமைப்பாளர்' உறுதி, யாரும் மறுக்கவில்லை. மற்றதில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நெருஞ்சி எனக்கும் குத்துகிறது. அதனால் இந்த நிரலில் 'அமர்வு நெறியாளர்' என்று போடுகிறேன். மாணவர்களின் வழிகாட்டி குறிப்பிடப்படும் இடங்களில் 'ஆய்வு நெறியாளர்' என்று முழுதாக எழுதிவிட்டால் மோதல் தீரும். இலங்கை வாசகர்களுக்கான பதிப்பில் 'தவிசாளர்' இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. போஸ்டர் அமர்வில் ஒவ்வொரு தட்டியாக நின்று மதிப்பெண் போடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 'நடுவர்' பொருந்தும்தானே? பட்டிமன்றத்திடமிருந்து கடன் கேட்டுப் பார்க்கலாமா?