கணவர் சிறையில் இருக்கும் அக்காவோடு எந்தப் பகுதியை வாசிக்கலாம்?

ராமேஸ்வரம் தீவில் ஒரு கடலோர ஊரில் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு) நடத்துகிறேன். எங்கள் அக்கா ஒருவரின் கணவர் விசைப்படகில் போனபோது, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். காவல் நீண்டுகொண்டே போகிறது, விடுதலை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு இரவில் தூக்கமில்லை, கருவாடு விற்கவும் போவதில்லை. ஜெபமாலை கையில் இருக்கிறது, சொல்ல வாய் வரவில்லை என்கிறார்.

முதலில், எதிர்நோக்கை (நம்பிக்கையோடு காத்திருப்பதை) நங்கூரம் என்று சொல்லும் எபிரேயர் 6:19 வாசித்தோம். கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டுச் சின்னத்தில் சிலுவையின் அடிப்பகுதி நங்கூரமாக இருக்குமே, அதைக் காட்டி விளக்கினேன். "பாறையில மாட்டுனா கயித்த அறுத்துட்டுத்தான் வருவாங்க தம்பி" என்றார் அக்கா. சரி என்று திருப்பாடல் 107 எடுத்தோம். 30ஆம் வசனத்தில் கடலோடிகள் விரும்பிய துறைமுகம் சேர்கிறார்கள். அந்த இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், மேலே வாசிக்கவில்லை. துன்பம் மனவுறுதியையும் எதிர்நோக்கையும் தரும் என்கிற உரோமையர் 5:3-5 அவருக்கு அறிவுரையாகத்தான் பட்டது.

இருளிலேயே முடியும் திருப்பாடல் 88 மனதில் இருக்கிறது. ஆனால் அதோடு அவரைத் தனியே விட்டதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். "சீக்கிரம் வந்துவிடுவார்" என்று சொல்லவும் மனமில்லை. கிறிஸ்தவ எதிர்நோக்கு அதைவிட ஆழமானது என்று முழுதாக நம்புகிறேன்.

பொது மொழிபெயர்ப்பு விவிலியம்தான் வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை, அக்கா வீட்டில்.

பொய்யான வாக்குக் கொடுக்காமல், அவர் ஊன்றி நிற்க இடம் தருகிற ஒரே ஒரு பகுதி என்றால் நீங்கள் எதை வாசிப்பீர்கள்?