சூடானபின் அறுபடும் கேன் (CAN) தொடர்பு: எக்ஸ்கவேட்டர் பழுதுக்கு உதவி தேவை

வணக்கம். வள்ளியூர் பக்கம் குளத்து மண் அள்ளும் வேலையில் ஓடும் எங்கள் எக்ஸ்கவேட்டர் 20 டன் வகுப்பைச் சேர்ந்த 2014 மாடல். சென்ற ஆண்டு பழைய வண்டியாக வாங்கினோம். பங்குனி வெயில் தொடங்கியதிலிருந்து, எஞ்சின் நன்றாகச் சூடானபின் மானிட்டரில் தகவல் தொடர்புப் பிழை (மானிட்டரும் எஞ்சின் கண்ட்ரோலரும் இரு வயர்கள் வழியே பேசிக்கொள்ளும் கேன் இணைப்பில்) விழுகிறது. ஆர்பிஎம் காட்டுவது மறைந்து, எஞ்சின் தானாகவே ஐட்லுக்கு இறங்கிவிடுகிறது. சாவியை அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது.

பேட்டரி முனைகளையும் எர்த் வயர்களையும் சுத்தம் செய்து இறுக்கினோம். ஆல்டர்நேட்டர் 28 வோல்ட் தருகிறது. அதே மாடல் வண்டியின் மானிட்டரை மாட்டிப் பார்த்தும் பயனில்லை. இருக்கைக்குப் பின்னாலுள்ள கப்ளரின் (வயர் இணைப்பியின்) பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, அதையும் நீக்கினோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மானிட்டர் பக்கக் கப்ளரில் கேன் ஹை, கேன் லோ வயர்களுக்கிடையே அளந்தால், வண்டி ஆறியிருக்கும்போது 60 ஓம் வருகிறது. பிழை விழுந்த உடனே அளந்தால் 120 ஓம். இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டிய (இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்டும்) இணைப்பில், எஞ்சின் பக்கத்து முனை அறுபடுகிறது என்றே இதைக் கொள்கிறேன். ஆனால் இடத்தைத் தேடுவதற்குள் வண்டி ஆறி, மீட்டர் 60-க்குத் திரும்பிவிடுகிறது. வயரிங் வரைபடம் கைவசம் இல்லை. எஞ்சின் கண்ட்ரோலரை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள். அதன் விலைக்கு, உறுதியாகத் தெரியாமல் கைவைக்க மனம் வரவில்லை.

ஹார்னஸ் (வயர்க் கட்டு) முழுவதையும் பிரிக்காமல், அறுபடுவது வயரிலா, எஞ்சின் கண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தடையிலா என்று உறுதிசெய்வது எப்படி?