பணம் கொடுத்து வாங்கிய மின்னூல் யாருக்குச் சொந்தம்?

நூலேணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக மின்னூல்களைப் பணம் கொடுத்தே வாங்கி வருகிறேன். எழுதியவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. திருட்டுப் பிரதிகளைத் தொட்டதும் இல்லை. அண்மையில், நான் வழக்கமாக நூல் வாங்கும் கடை தன் பழைய செயலியைக் கைவிட்டுப் புதியதொன்றுக்கு மாறியது. அந்தப் புதிய செயலி, மின்னூல் படிக்கும் கருவியான என் படிப்பானில் இயங்காது. என் கணக்கில் நூல்களின் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஆனால் அவற்றுள் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. கோப்புகளை வேறொரு கருவிக்கு மாற்றிப் படிக்கலாம் என்றால், அவை அந்தக் கடையின் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கின்றன. உதவி மையத்துக்கு எத்தனை முறை எழுதினாலும், புதிய கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்ற ஒரே பதில்தான் வெவ்வேறு சொற்களில் வருகிறது.

நான் பணம் கொடுத்து வாங்கிய நூல் சட்டப்படி எனக்குச் சொந்தமா, இல்லையா? என் சொந்தப் பயன்பாட்டுக்காக அந்தப் பூட்டை நானே அகற்றினால் அது குற்றமாகுமா? இவை இரண்டையும்விட என்னை அதிகமாக உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பூட்டு எழுத்தாளரைக் காப்பதற்காகப் போடப்பட்டதா, அல்லது விற்பவரின் வசதிக்காகப் போடப்பட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சான்றாவணம் எழுதியது:

வணக்கம் நூலேணி அவர்களே. உங்கள் முதல் கேள்விக்கான விடை மகிழ்ச்சி தரக்கூடியதன்று. பெரும்பாலான கடைகளின் விதிமுறைகளின்படி, நீங்கள் நூலை வாங்கவில்லை. அதைப் படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே பெற்றிருக்கிறீர்கள். அந்த உரிமத்தை விற்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ, உயில் எழுதி வைக்கவோ முடியாது என்றும் அதே விதிமுறைகளில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். நாம் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடும் அந்த நீண்ட ஆவணத்துக்குள்தான் இவ்வளவும் இருக்கிறது.

அச்சு நூலின் நிலை இப்படி இல்லை. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், தன் நாவல் ஒன்றை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்றும், விற்றால் அது பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்றும் நூலுக்குள்ளேயே அச்சிட்டு வெளியிட்டது. மேசீஸ் அங்காடி அதை 89 சென்ட் விலைக்கு விற்றதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதி அடுத்து யாரிடம் என்ன விலைக்குப் போக வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் பதிப்புரிமைக்குள் அடங்காது என்று நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. முதல் விற்பனைக் கோட்பாடு என்று வழங்கப்படுவது இதுதான். நூல்களைக் கடன் கொடுப்பதும், பரிசளிப்பதும், பழைய புத்தக வணிகமும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடப்பதற்கு அடிப்படை இத்தகைய புரிதலே.

மின்னூலுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாமல் போனதற்குக் காரணம், கணினி இயங்கும் விதம். ஒரு கோப்பை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும்போது, பொருள் கைமாறுவதில்லை. பெறுபவரின் கருவியில் புதிய பிரதி ஒன்று உருவாகிறது. பிரதி எடுக்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கு மட்டுமே உரியது என்பதால், பயன்படுத்திய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, காலவரையின்றி விற்கப்பட்ட மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-இல் கூறியது. ஆனால் மின்னூல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்று 2019-இல் கூறிவிட்டது.

விற்ற நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆற்றல் கடைக்கு உண்டு என்பதை உலகம் 2009-இல் கண்கூடாகப் பார்த்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, விற்கும் உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் பதிவேற்றியிருந்தார் என்பதற்காக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அவற்றை அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் நீக்கும் ஆற்றல் நீங்கவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, 2019 ஜூலையில் அங்கு வாங்கிய நூல்கள் யாவும் திறக்க முடியாதவையாயின. அப்போதும் முழுத் தொகை திரும்பக் கிடைத்தது. உங்கள் கடை அதைக்கூடச் செய்யவில்லை என்பதால், பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1996-ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டம் அதைவிடக் கடுமையானது. பூட்டைத் திறந்த பின் நீங்கள் செய்யும் செயல் முறையானதாகவே இருந்தாலும், திறந்த செயலே அங்குத் தனியொரு குற்றமாகக் கருதப்படலாம். வேறு சில நாடுகளில், உரிமை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே அது குற்றம். எனவே நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் யாரும் உங்களுக்கு உறுதி கூற முடியாது, நானும் கூறவில்லை.

இருமொழியாள் எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர். என் வருவாயின் ஒரு பகுதி உரிமத்தொகையாக வருகிறது. ஆகவே பதிப்புரிமையே வேண்டாம் என்று இத்தகைய விவாதங்களில் எழும் குரலோடு என்னால் ஒருபோதும் உடன்பட முடியாது. இரண்டு ஆண்டு உழைத்து முடித்த ஒரு நூலை, வெளியான வாரத்திலேயே யாரோ ஒருவர் இலவசமாகப் பரப்புவதைக் காணும் துயரம் எழுதி வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நண்பர் நூலேணியின் மூன்றாவது கேள்விக்கு, எழுதுபவர்களின் பக்கத்திலிருந்து நேராகவே விடை சொல்கிறேன். அந்தப் பூட்டு என்னைக் காக்கவில்லை. திருடுபவர் பூட்டை உடைக்க ஒரே ஒருவர் போதும். அதன் பிறகு உலகம் முழுவதும் சுற்றுவது பூட்டில்லாத கோப்பு. பூட்டோடு போராடிக்கொண்டிருப்பவர் பணம் கொடுத்து வாங்கிய வாசகர் மட்டுமே. அறிபுனை நூல்களுக்குப் பெயர் பெற்ற டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை அகற்றியது. ஓராண்டுக்குப் பின், அதனால் திருட்டுப் பிரதிகள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். ஆப்பிள் நிறுவனம் தான் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை 2009-இல் நீக்கியது; இசை விற்பனை அதனால் நின்றுவிடவில்லை. பிறகு பூட்டு யாருக்குப் பயன்படுகிறது? வாசகர் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போகவிடாமல் தடுப்பவருக்குப் பயன்படுகிறது. பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும்கூட அந்தக் கடைக்கே கட்டுப்பட்டுப் போகிறோம், ஏனெனில் எங்கள் வாசகர்கள் எல்லாரும் அங்கேதான் அடைபட்டிருக்கிறார்கள்.

பார்வையற்ற வாசகர்களை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுத்தை ஒலியாக்கிக் கேட்கும் வசதியைப் பூட்டு தடுக்கும்போது, பணம் கொடுத்த பிறகும் அவர்களால் நூலைப் படிக்க முடிவதில்லை. அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல்தான் கையெழுத்தானது. 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு எளிய நியாயத்துக்கு ஓர் உலக உடன்படிக்கை தேவைப்பட்டதே என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உரிமையின் கால அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டு உரிமை அளித்தது. காலம் முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியர் இறந்த பிறகும் 70 ஆண்டு நீடிக்கிறது. நான் இறந்து 70 ஆண்டு கழியும்வரை ஒரு நூல் பூட்டப்பட்டிருக்கும் என்பதற்காக இன்று நான் கூடுதலாக ஒரு பக்கம்கூட எழுதப்போவதில்லை. உரிமையாளர் யாரென்றே தெரியாமல், மறுபதிப்புக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்றும் புரியாமல், எத்தனையோ நூல்கள் இந்த நீண்ட காலத்துக்குள் மறைந்துபோகின்றன. அவற்றுள் நான் மொழிபெயர்க்க விரும்பிக் கைவிட்டவையும் உண்டு.

திருகாணி எழுதியது:

நூல்களோடு இது நிற்கவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இப்போது வரும் இயந்திரம் எதுவானாலும் அதற்குள் மென்பொருள் இருக்கிறது. மென்பொருள் இருப்பதால் பதிப்புரிமை இருக்கிறது. பதிப்புரிமை இருப்பதால், நூலுக்குப் போட்ட அதே சட்டப் பூட்டை இயந்திரத்துக்கும் போடுகிறார்கள். சரியான உதிரிபாகத்தைச் சரியாகப் பொருத்திய பிறகும், உற்பத்தியாளரின் கணினி ஒப்புதல் தராததால் இயங்க மறுக்கும் கருவிகளை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் அச்சுப்பொறிக்கு வேறு நிறுவனங்களின் மைப்பெட்டி பொருந்தக் கூடாது என்பதற்காக, மேலே சான்றாவணம் குறிப்பிட்ட அந்த 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டே வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் அதை ஏற்க மறுத்தது. பிறகு காப்புரிமையை, அதாவது கண்டுபிடிப்புக்கான உரிமையைக் காட்டி வழக்காடினார்கள். விற்ற பொருளின் மீது காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே கூறியது. இருந்தும் என்ன? நீதிமன்றத்தில் தோற்றதை மென்பொருள் புதுப்பிப்பு வழியாக வென்றுகொள்கிறார்கள்.

டிராக்டர் உள்ளிட்ட வாகனங்களைப் பழுதுபார்க்கப் பூட்டைத் திறக்கலாம் என்று 2015-இல் அமெரிக்காவில் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் திறப்பதற்கான கருவியைச் செய்து பிறருக்கு விற்க அந்த விலக்கு இடம் தரவில்லை. தன் டிராக்டரைத் தானே திறந்துகொள்ளலாம் என்று ஒரு விவசாயியிடம் சொல்லிவிட்டு, திறவுகோல் செய்து தருபவரைத் தடுத்தால், அந்த அனுமதி எத்தனை பேருக்குப் பயன்படும்? ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2024-இல் தனி ஆணை கொண்டுவந்திருப்பது எனக்கு ஓரளவு நம்பிக்கை தருகிறது.

நிரல்மேடை எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவுசெய்கிறேன். நான் சிறிய மென்பொருள் ஒன்றை உருவாக்கி விற்பவன். இயங்குதளம் மாறும்போதெல்லாம் என் மென்பொருளையும் மாற்றியமைக்க வேண்டும். பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். மென்பொருளை இணைய வழியாக இயக்கும் கணினிகளான வழங்கிகளுக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். ஒருமுறை வாங்கியவருக்கு வாழ்நாள் முழுவதும் இத்தனையும் இலவசமாகச் செய்துகொண்டிருக்க ஒரு தனிமனிதனால் இயலாது. அடோபி போன்ற பெரிய நிறுவனங்கள் 2013-இல் சந்தாவுக்கு மாறியதைப் பேராசை என்று கூறலாம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்குச் சந்தா என்பது அடுத்த மாதமும் வேலையைத் தொடர்வதற்கான வழி. நூலேணி அவர்களின் பழைய படிப்பானையும் எவரோ ஒருவர் தொடர்ந்து பராமரித்தால்தான் அது புதிய செயலியோடு இயங்கும். அந்த உழைப்பின் செலவை யார் ஏற்பது என்பதை இங்கு ஒருவரும் பேசவில்லை.

சான்றாவணம் எழுதியது:

நிரல்மேடை அவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. பராமரிப்புக்குத் தொடர்ந்து பணம் கேட்பதில் தவறில்லை. ஆனால் நூலேணி கேட்பது பராமரிப்பை அன்று. அவர் படிப்பானை யாரும் புதுப்பிக்க வேண்டியதில்லை. கோப்பின் பூட்டை நீக்கிக் கொடுத்துவிட்டால், படிக்கும் வழியை அவரே பார்த்துக்கொள்வார். சேவையைத் தொடர முடியாதபோது நிறுத்துவதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. தானும் தொடராமல், வாங்கியவரும் தன் முயற்சியால் தொடர முடியாதபடி செய்துவிட்டுப் போவதற்குத்தான் எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. யூபிசாஃப்ட் தன் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றின் வழங்கிகளை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியபோது, பணம் கொடுத்தவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியாமல் போனது. அதை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த மக்கள் முன்மொழிவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதற்குக் காரணம் இந்தக் கோரிக்கைதான்: விலகிக்கொள்ளுங்கள், ஆனால் இயங்கும் நிலையில் விட்டுவிட்டு விலகுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பின்னாளில் திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டுமே விற்கும் கடை, வாங்குபவர் முழு உரிமை பெறுவதாகத் தோற்றம் தரும்படி விளம்பரம் செய்யக் கூடாது. உண்மை நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது எவருக்கும் நூலைத் திருப்பித் தராது என்றாலும், பணம் கட்டுவதற்கு முன்பே எதற்குக் கட்டுகிறோம் என்பதாவது தெரியவரும்.

நூலேணி எழுதியது:

விளக்கம் அளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மைக்ரோசாஃப்ட் முழுத் தொகையைத் திருப்பித் தந்த செய்தியை மேற்கோள் காட்டி, பூட்டில்லாத கோப்புகளைத் தாருங்கள், இயலாவிட்டால் பணத்தைத் தாருங்கள் என்று கடைக்கு இன்று எழுத்துப்பூர்வமாக அனுப்பியிருக்கிறேன். பூட்டை நானே அகற்றுவது பற்றி, சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்வேன். இனி வாங்கும்போது பூட்டுள்ள நூலை முன்கூட்டியே கண்டறிய வழி உண்டா என்பதை மட்டும் யாரேனும் சொல்லுங்கள்.

இருமொழியாள் எழுதியது:

உண்டு. நூலின் விவரப் பக்கத்தில், பதிப்பாளரின் விருப்பப்படி பூட்டு இடப்படவில்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகள் அதை அடியில் சிறிய எழுத்தில் போடுகின்றன. குறிப்பு இல்லையென்றால், கோப்பைப் பதிவிறக்கி வேறு செயலியில் திறக்க முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கடைக்கு எழுதிக் கேளுங்கள். அதைவிட நல்ல வழி, பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக வாங்குவது: அங்குப் பெரும்பாலும் பூட்டில்லாத கோப்பே கிடைக்கும், எழுதியவருக்குச் சேரும் பங்கும் பல சமயங்களில் கூடுதலாக இருக்கும். எங்கும் பூட்டோடுதான் கிடைக்கிறது என்றால், பதிப்பாளருக்கு ஒரு மடல் எழுதுங்கள். அத்தகைய மடல்கள் எழுத்தாளர்களான எங்களுக்கும் வந்து சேர்கின்றன. அடுத்த ஒப்பந்தம் பேசும்போது பூட்டு வேண்டாம் என்று வற்புறுத்த எங்கள் கையில் இருக்கும் சான்று அவைதான்.